மிச்சம் இருக்கற ஃப்ரேம்கள்

ஃபிலிம்ல ஃபோட்டோ எடுக்கறவங்ககிட்ட ஏங்க இந்த வேலைன்னு கேட்டா முக்கால்வாசி பேர் சொல்ற பதில் ஒண்ணுதான், அது நம்மள நிதானமா எடுக்க வைக்குதாம். ஒரு ரோல்ல 36 படம்தான் இருக்கு, அதனால யோசிச்சு யோசிச்சு எடுக்கறோம், ஒவ்வொரு க்ளிக்குக்கும் மதிப்பு இருக்கு, இத்யாதி இத்யாதி. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு இதுல பெரிசா நம்பிக்கை கிடையாது. கேரி வினோகிராண்ட்னு ஒரு அமெரிக்கர், தெருத்தெருவா சுத்தி சுத்தி எடுத்தவர், அவர் கையில இருந்ததும் ஃபிலிம் கேமராதான், 1984ல அவர் இறந்தப்ப எடுத்து கழுவாமலே கிடந்த ரோல் மட்டும் கிட்டத்தட்ட 2,500. அந்த மனுஷன்கிட்ட போய் ஃபிலிம் நிதானத்தக் கத்துக்குடுக்கும்னு சொல்லிப்பாருங்க. நிதானம் நம்மகிட்ட இருந்தா எந்த கேமராலயும் வரும், இல்லன்னா எதுலயும் வராது.

எனக்கு ஃபிலிம் செஞ்ச உபகாரம் வேற. ஒரு ரோல் போட்டா அத தீத்தாகணும், அவ்ளோதான் விஷயம். ஊருக்குப் போறோம், சுத்தறோம், எடுக்கறோம், திரும்பி வர்றோம், வந்து பேகத் தூக்கி ஓரமா வெச்சுட்டு கேமராவப் பாத்தா கவுண்ட்டர் 24லயோ 27லயோ நிக்கும். பயணம் முடிஞ்சுபோச்சு, ரோல் முடியல. மிச்சம் இருக்கறது தீந்தாத்தான் முன்னாடி எடுத்த மலையும் கடலும் வெளிய வரும். அப்ப என்ன பண்றது, வீட்ட எடு, தெருவ எடு, தூங்கற நாய எடு. இப்படித்தான் நான் வீட்ட எடுக்கவே ஆரம்பிச்சேன். அன்றாட வாழ்க்கைய ஆவணப்படுத்தணும்ங்கற லட்சியம்லாம் ஒண்ணும் கிடையாது, மலைப் படத்தப் பாக்கற அவசரம், நடுவுல பத்து ஃப்ரேம் வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது.

பாதில எடுக்க முடியாதான்னு கேப்பீங்க. முடியும். நம்பரக் குறிச்சு வெச்சுக்கிட்டு, ஃபிலிமோட நாக்கு, அதாவது வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற நுனி, முழுசா உள்ள போயிடாம ரீவைண்ட் பண்ணி வெளிய எடுத்துட்டு, அப்புறம் ஒரு நாள் திரும்பப் போட்டு, லென்ஸ மூடிக்கிட்டு அந்த நம்பர் வரைக்கும், கூட ஒண்ணோ ரெண்டோ சேத்து, சும்மா ஷட்டர அமுக்கி ஓட்டலாம். ஆனா அப்படி எடுத்து வெச்சா மிச்ச ஃபிலிம் வீணாகாது, அவ்ளோதான், அதுல ஏற்கனவே எடுத்த படத்தக் கழுவணும்னா எப்படியும் முழு ரோலும்தான் கழுவற டாங்குக்குள்ள போகணும். இருட்டுல பாதியா வெட்டி எடுக்கற ஆளுங்களும் இருக்காங்க, அவங்க பொறுமைக்கு ஒரு கும்பிடு.

சரி, அந்தக் கடைசிப் பத்துல என்ன இருக்கும்? போன மழைக்காலத்துல ஒரு ரோல், இப்ப லைட் டேபிள் மேல வெச்சுப் பாத்துக்கிட்டே எழுதறேன். 26ல பனி மூடின ஒரு மலைச்சரிவு, ரொம்ப அழகு, ஆனா இதே மாதிரி படம் அங்க வந்த எல்லார்கிட்டயும் இருக்கும். 27ல எங்க வீட்டு பால்கனி, கொடில ஈரம் சொட்டச்சொட்ட பயணத்துல போட்ட துணி, அதுல ஒரு காலுறைக்கு ஜோடி இல்ல. 28 பிரிக்காத பேக், ஜிப் பாதி திறந்து, உள்ளேருந்து ஒரு ஸ்வெட்டர் கை மட்டும் வெளிய தொங்குது. 29ல அம்மா நாற்காலிலயே தூங்கிட்டாங்க, மூக்குக்கண்ணாடி நெத்திக்கு ஏறி நிக்குது, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்க கன்னத்துல மட்டும். 26ஐ நான் எத்தனை தடவ பாத்திருப்பேன், ரெண்டு மூணு தடவ இருக்கலாம். 29 பிரிண்ட் போட்டு செவுத்துல மாட்டியாச்சு.

மொபைல்ல இது நடக்காது. மொபைல் ரொம்ப ஒழுங்கு, தேதி வாரியா ஊர் வாரியா அதுவே பிரிச்சு அடுக்கிடும், "உங்கள் பயணம்"னு பாட்டுப் போட்டு ஒரு வீடியோவும் பண்ணிக் குடுக்கும், அதுல ஈரத்துணியும் ஒத்தைக் காலுறையும் வராது, ஏன்னா அது பயணமும் இல்ல, விசேஷமும் இல்ல. ஃபிலிமுக்கு அந்த அறிவு கிடையாது. ஒரே பட்டை, சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், ஓரத்துல ஃபேக்டரிலயே பதிச்ச நம்பர், 26, 26ஏ, 27, 27ஏன்னு ஓடும், மலைக்கும் பால்கனிக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் வெறும் இடம். லேப்ல ஆறு ஆறா வெட்டி கவர்ல போட்டுக் குடுக்கறப்பவும் 25லேருந்து 30 வரைக்கும் ஒரே துண்டாத்தான் வரும், மலைய எடுத்தா வீடும் கூட வரும்.

இதுக்கு ஏத்த மாதிரி ஃபிலிம் வாங்கறதுலயே ஒரு கணக்கு இருக்கு, இது எனக்குக் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் பிடிபட்டுச்சு. ஒரு ரோலுக்கு ஒரு ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிம் வெளிச்சத்த எவ்ளோ சுலபமா பிடிக்கும்ங்கற நம்பர், நம்பர் கூடினா கம்மி வெளிச்சமே போதும். வெளிய வெயில்ல எடுக்க 100 அருமையா இருக்கும், கிரெய்ன்ங்கற பொடிப்புள்ளி தெரியாது, கலர் நிக்கும், சரி. ஆனா அதே ரோல் பாதி மிச்சத்தோட வீட்டுக்குள்ள வந்தா தலையப் பிச்சுக்கணும், சாயங்காலம் ரூமுக்குள்ள 100க்கு வெளிச்சம் அளக்கற மீட்டர் காட்டற ஷட்டர் ஸ்பீடுல கை நிக்கவே நிக்காது. அதனால நான் கிட்டத்தட்ட எப்பவுமே 400 தான். கலர்னா போர்ட்ரா 400, கருப்பு வெள்ளைன்னா எச்பி5 இல்லன்னா ட்ரை-எக்ஸ். ட்ரை-எக்ஸ் 35 எம்எம்ல வந்தது 1954ல, நடுவுல எத்தனையோ ஃபிலிம் காணாமப் போச்சு, அது இன்னும் கிடைக்குது. நல்ல வெயில்ல மீட்டரே வேண்டாம், லென்ஸ் துவாரத்த எஃப்16ல வெச்சுட்டு ஷட்டர ஐஎஸ்ஓ நம்பருக்குப் பக்கத்துல வெச்சா போதும், 400க்கு 1/500. வீட்டுக்குள்ள ஜன்னல் பக்கத்துல பகல் வெளிச்சம்னா எஃப்2.8ல 1/60, பெரும்பாலும் ஏமாத்தாது. கொஞ்சம் வெளிச்சம் கூடிப்போனாலும் நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கும், ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, கூடினாக்கூட படம் உயிரோட வரும். கம்மியானாத்தான் சிக்கல், நிழல்ல எதுவுமே பதிஞ்சிருக்காது, பதியாதத எந்த ஸ்கேனராலயும் கொண்டுவர முடியாது. ஸ்லைடு ஃபிலிம் இதுக்கு நேரெதிர், அரை ஸ்டாப் கூடினாலே வானம் வெள்ளையாயிடும். அழகுதான், நான் இல்லன்னு சொல்லல, ஆனா மலைக்கும் வீட்டுக்கும் ஒரே ரோல்னு வாழறவங்களுக்கு அது சரிப்பட்டு வராது.

கழுவறதுலயும் இதே கதை. வீட்டுக்குள்ள இருட்டா இருக்கேன்னு 400ஐ 1600னு வெச்சு எடுத்தா, கழுவறப்ப படத்த வெளிய கொண்டுவர்ற டெவலப்பர் திரவத்துல கூட நேரம் வைக்கணும், புஷ் பண்றதுன்னு சொல்வாங்க. அந்தக் கூட நேரம் முழு ரோலுக்கும்தான், பகல்ல எடுத்த மலையும் சேந்து வேகும், கான்ட்ராஸ்ட் எகிறிப்போய் வரும். கலர் நெகட்டிவ்க்கு 1972ல கோடாக் கொண்டுவந்த சி-41 முறைதான் இன்னைக்கும், எந்த கம்பெனி ரோலா இருந்தாலும் 37.8 டிகிரி, டெவலப்பர்ல 3 நிமிஷம் 15 செகண்டு. உள்ள மலை இருக்கா மாமா வீட்டு மாடிப்படி இருக்கான்னு அந்தத் தண்ணிக்குத் தெரியாது.

கருப்பு வெள்ளைய நானே கழுவறேன். அதுக்கு இருட்டு ரூம் எல்லாம் வேண்டாம், கை நுழைக்கிற மாதிரி ஒரு கருப்புப் பை, அதுக்குள்ள டாங்க், ரீல், கத்திரிக்கோல், ரோல். சினிமால காட்ற மாதிரி செவப்பு லைட் போட்டுக்கிட்டு ஃபிலிம் கழுவ முடியாது, அது பிரிண்ட் பேப்பருக்கு மட்டும், இந்த ஃபிலிமுங்க செவப்பையும் பாக்கும், பாத்தா போச்சு. அதனால கண்ணுக்கு வேலையே இல்ல, விரல்தான் எல்லாம். ஃபிலிமோட நுனிய ரீல் வாய்ல நுழைச்சு ரெண்டு கையாலயும் முன்னாடி பின்னாடி திருகித்திருகி ஏத்தணும், சரியா ஏறறப்ப ஒரு மெல்லிய கிறுகிறு சத்தம் வரும், ஏறலன்னா அந்த சத்தம் நின்னு விரலுக்குக் கீழ ஃபிலிம் மடங்கறது தெரியும். பைக்குள்ள கை வேர்த்து, வேர்வைல ஃபிலிம் இன்னும் ஒட்டும், அப்ப அவசரப்படாம எல்லாத்தையும் டாங்குக்குள்ள போட்டு மூடிட்டு கைய வெளிய எடுத்து ஆற வைக்கறதுதான் உத்தமம். மூடி போட்டதும் பாதி உசுரு திரும்பி வந்துடும். அப்புறம் 20 டிகிரில டெவலப்பர், நிமிஷத்துக்கு நாலு தடவ தலைகீழா கவுத்து நிமித்தறது, அப்புறம் டெவலப்பர் வேலைய நிறுத்தற ஸ்டாப் திரவம், படத்த நிலைக்க வைக்கற ஃபிக்ஸர், தண்ணி. கடைசில மூடியத் திறந்து ரீல்லேருந்து ஒரு சாண் உருவிப் பாக்கறப்ப, வானம் கருப்பா, முடி வெள்ளையா, ஈரத்தோட பளபளன்னு இருக்குமே, அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த இம்சை எல்லாம்.

இதுல எனக்கு இன்னைக்கும் அதிசயமா இருக்கற விஷயம் வேற ஒண்ணு, நாம க்ளிக் பண்ண செகண்டுலேருந்து இந்தக் கழுவற நிமிஷம் வரைக்கும் அந்தப் படம் எங்க இருக்கு? ஃபிலிம்ல ஜெலட்டின்குள்ள வெள்ளி உப்புப் படிகங்கள் பொடிப்பொடியா கலந்திருக்கு, வெளிச்சம் பட்ட படிகத்துல ஏதோ ஒரு புள்ளில ஒரு சில வெள்ளி அணுக்கள் மட்டும் ஒண்ணு சேரும். அவ்வளவுதான் படம். கண்ணுக்குத் தெரியாது, மைக்ராஸ்கோப்லயும் சாதாரணமா தெரியாது. டெவலப்பர் அந்தப் புள்ளியப் பிடிச்சுக்கிட்டு முழுப் படிகத்தையும் வெள்ளியா மாத்தும், புள்ளி இல்லாத படிகத்த ஃபிக்ஸர் கழுவி விட்டுடும். ஜெலட்டின்னா மாட்டு எலும்பு, தோல்லேருந்து எடுக்கறது. 1920கள்ல கோடாக்ல ஒரு தடவ சில ஜெலட்டின்ல செஞ்ச ஃபிலிம் நல்லா வேலை செய்யுது, சிலதுல மந்தமா இருக்கு, ஏன்னு தெரியல. சாமுவேல் ஷெப்பர்ட்னு அங்க இருந்த விஞ்ஞானி தோண்டித்துருவிப் பாத்ததுல, மாடு தின்ன கடுகுச் செடில இருக்கற கந்தகச் சேர்மம்தான் காரணம்னு தெரிஞ்சுது. மாடு எங்கயோ கடுகு மேஞ்சிருக்கு, அதனால ஃபிலிம் வெளிச்சத்தப் பிடிக்கற வேகம் கூடியிருக்கு. இதெல்லாம் கதையா எழுதினா யாரு நம்புவா.

அந்தச் சின்னப் புள்ளிங்களுக்குப் பொறுமையும் ஜாஸ்தி. 1897ல ஆந்த்ரேன்னு ஒரு ஸ்வீடன்காரர் ரெண்டு பேரோட பலூன்ல வட துருவத்துக்குக் கிளம்பினார், பலூன் பனிமேல விழுந்து, நடந்து நடந்து ஒரு தீவுல போய் மூணு பேரும் இறந்துட்டாங்க. அவங்களக் கண்டுபிடிச்சதே 1930ல. கூட கேமராவும் எடுத்த ஃபிலிமும் கிடைச்சுது, 33 வருஷம் பனிக்குள்ள கிடந்தது. ஸ்டாக்ஹோம்ல ஜான் ஹெர்ட்ஸ்பெர்க்ங்கறவர் அத கழுவி 240 படத்துல 93 படத்த மீட்டாரு. விழுந்து கிடக்கற பலூன் பக்கத்துல ரெண்டு பேர் நின்னுக்கிட்டு இருக்கற படம் அதுல ஒண்ணு. அது பயணப் படமா அன்றாடப் படமான்னு யோசிச்சா எனக்கு பதில் தெரியல, அந்தப் பனில அவங்களுக்கு அதுதானே அன்றாடம்.

அதுக்காக எடுத்த ரோல வருஷக்கணக்கா அலமாரில போட்டுவைங்கன்னு சொல்ல வரல. பனில கிடந்ததாலதான் அது தப்பிச்சுது, சூடும் ஈரமும் இருக்கற இடத்துல அந்தப் புள்ளிங்க மெல்ல மெல்ல கரைஞ்சுபோகும், கலர் ஃபிலிம்னா நிறமும் ஒரு பக்கமா சாயும். எடுத்தா சீக்கிரம் கழுவிடுங்க. வினோகிராண்ட் வேணும்னே தள்ளிப்போட்டு கழுவுவாராம், எடுக்கறப்ப இருந்த மனநிலை மறந்தாத்தான் எது நல்ல படம்னு தெரியும்ங்கறது அவர் கட்சி. அதுல நியாயம் இருக்கு, நான் அத வேற மாதிரி பண்றேன், சீக்கிரம் கழுவிட்டு மெதுவா பாக்கறது.

பயணத்துல ஃபிலிம் கொண்டுபோறவங்களுக்கு ரெண்டே விஷயம் சொல்லிடறேன், மத்ததெல்லாம் போகப்போக வந்துடும். ஒண்ணு ஏர்போர்ட். எடுத்த ரோல், எடுக்காத ரோல் எதையும் செக்-இன் பெட்டில போடவே போடாதீங்க, அங்க இருக்கற ஸ்கேனர் ரொம்ப பலமானது, ஃபிலிம் மேல மூட்டம் போட்ட மாதிரி ஆயிடும். கைப்பைல வெச்சுக்கணும், அங்கயும் இப்ப பல இடத்துல ஆஸ்பத்திரில இருக்கற மாதிரி சிடி (CT) ஸ்கேனர் வந்துடுச்சு, அதுவும் ஆகாது, அதனால ரோல் எல்லாத்தையும் ஒரு கண்ணாடிக் கவர்ல போட்டு கையால செக் பண்ணுங்கன்னு கேக்கணும். சில இடத்துல சிரிச்சுக்கிட்டே பண்ணிக்குடுப்பாங்க, சில இடத்துல முடியாதுன்னுடுவாங்க, கேக்கறது நம்ம கடமை. கேமராக்குள்ள பாதி ரோல் இருக்கறது இங்கதான் வம்பு, கவர்ல போட முடியாதே, கேமராவோட சேத்துத்தான் நீட்டணும், திறந்து காட்டுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, அதனால முதல்லயே உள்ள ஃபிலிம் இருக்குன்னு சொல்லிடறது நல்லது.

ரெண்டாவது, ரோல் போட்டதும் லீவர இழுக்கறப்ப இடது பக்கம் இருக்கற ரீவைண்ட் குமிழ் சேந்து சுத்துதான்னு பாருங்க. சுத்தினா ஃபிலிம் பிடிச்சிருக்கு. சுத்தலன்னா உள்ள பல் நழுவி ஃபிலிம் நின்ன இடத்துலயே நிக்குது, கவுண்ட்டர் மட்டும் ஜோரா ஓடும், 36 தாண்டியும் ஓடிக்கிட்டே இருக்கறப்பதான் பலருக்கும் உறைக்கும். அரை செகண்டு பாத்தா ஒரு பயணமே மிச்சம்.

ஃபிலிம் விலை ஏறிக்கிட்டே போகுது, அது வருத்தம்தான். இந்த வருத்தத்துக்கு மருந்தா சிலர் ஹாஃப் ஃப்ரேம் கேமராக்குப் போறாங்க, ஒரு ஃப்ரேம் இடத்துல ரெண்டு படம், 36 ரோல்ல 72. 1959ல ஒலிம்பஸ் பென் வந்தப்ப பிரபலமான சமாச்சாரம், 2024ல பென்டாக்ஸ் 17னு புதுசா ஒண்ணு வந்து திரும்ப பேச்சாச்சு. எனக்கு ஆசை இருக்கு, கூடவே பயமும், பயணம் முடிஞ்சு வந்து பாத்தா முப்பது மிச்சம் இருக்கும், அத எடுத்துத் தீக்கறதுக்குள்ள அடுத்த பயணம் வந்துடும். ஆனா ஸ்கேன் பண்றப்ப ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து வர்றது அருமை, யாரும் திட்டம் போடாமலே ரயில் ஜன்னலும் வீட்டு வாசலும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கும்.

வெளிச்சம் ஒழுகின படம், காலாவதியான ரோல்ல வந்த ஊதா நிறம், கோடு விழுந்த நெகட்டிவ், இதையெல்லாம் கலைன்னு கொண்டாடற ஒரு கூட்டம் இருக்கு, எனக்கு அது ஒத்துவராது. வெளிச்சம் ஒழுகுதுன்னா கேமரா பின்மூடில இருக்கற ஸ்பாஞ்ச் மக்கிப்போய் பிசுபிசுன்னு ஆயிடுச்சுன்னு அர்த்தம், மாத்துங்க. அதே மாதிரி திரும்ப எடுக்க முடியாத விசேஷம்னா கூடவே மொபைல்லயும் நாலு எடுத்து வெச்சுக்குங்க, அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல.

வீட்டையும் தெருவையும் எடுத்தா அதுல என்ன இருக்கப்போகுதுன்னு தோணறவங்க விவியன் மையர் படங்களப் பாக்கணும். சிகாகோல வீட்டு வேலைல குழந்தைங்களப் பாத்துக்கற ஆயாவா இருந்தவங்க, கழுத்துல ரோலிஃப்ளெக்ஸ், ரோலுக்கு 12 படம், குழந்தைங்களக் கூட்டிக்கிட்டு நடக்கற வழிலயே எடுத்தது. உலகத்தையும் சுத்திட்டு வந்தாங்க, அந்தப் படங்களும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா கண்ணு ஒண்ணுதான்னு தெரியும், வெளியூர்னு தனி மரியாதை, உள்ளூர்னு ஒரு அலட்சியம், அதெல்லாம் இல்ல. எனக்கு அந்தக் கண்ணு கிடையாது, அதனாலதான் மிச்ச ஃப்ரேம்னு ஒரு சாக்கு தேவைப்படுது. இப்பல்லாம் கிளம்பறப்பவே புது ரோல் போடறதில்ல, வீட்ல பாதி ஓடின ரோலோடயே கிளம்பறேன், அப்ப பயணத்தோட ஆரம்பமும் வீட்டோட ஒட்டிக்கிட்டு வருது.

இதுல ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல், நெகட்டிவ் கவர் மேல என்ன பேர் எழுதறதுன்னு. முன்னாடி ஊர் பேர் எழுதுவேன், இப்ப ஒரே கவர்ல மூணு ஊரும் நடுவுல வீடும் இருக்கு. அதனால ஃபிலிம் பேரு, போட்ட மாசம், எடுத்து முடிச்ச மாசம், இவ்ளோதான் எழுதறேன். ஏதாவது ஒண்ணத் தேடணும்னா நாலஞ்சு கவர வெளிச்சத்துல தூக்கித்தூக்கிப் பாக்க வேண்டியிருக்கு, பாக்கறப்ப தேடினத விட்டுட்டு வேற எதையோ பாத்துக்கிட்டு உக்காந்துடறேன். யாராவது அந்த மலைப் படத்த உடனே அனுப்புன்னு அவசரப்படுத்தினா, மொபைல்ல எடுத்தத அனுப்பிவிட்டுடறேன்.